காப்பித்தூள் தீர்ந்தால் ஓடுவது யார்? ஸ்பானிஷ்காரர்களும் 'ரன் அவுட் ஆஃப்'பும்

போகோட்டாவில் ஒரு வாடகை வீடு. ஒரு கொலம்பியாக்காரரும் ஓர் அமெரிக்கரும் சேர்ந்து குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் எழுந்து டப்பாவைத் திறந்தால் காப்பித்தூள் காலி. கொலம்பியாக்காரர் தன் மொழியில் 'சே நோஸ் அகாபோ எல் கஃபே' என்பார். 'நமக்குக் காப்பி தீர்ந்துபோச்சு' என்று அதை அப்படியே தமிழில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் வில்லங்கம். சொல்லுக்குச் சொல் மாற்றி 'தி காஃபி ஃபினிஷ்ட் அஸ்' என்கிறார். காப்பி நம் கதையை முடித்துவிட்டது என்று அமெரிக்கர் காதில் விழுகிறது.

அவர் சொல்லியிருக்க வேண்டியது 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் காஃபி'. இதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ரன் என்றால் ஓடு, அவுட் என்றால் வெளியே, ஆஃப் என்பது ஸ்பானிஷின் 'தே' மாதிரி ஒன்று. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் 'நாங்கள் காப்பியை விட்டு வெளியே ஓடிவிட்டோம்' என்று வருகிறது. காலை நேரத்தில் யார், எங்கே ஓடினார்கள்?

இப்படி ஒரு சாதாரண வினைச்சொல்லோடு அவுட், அப், ஆஃப் (of, off இரண்டும்தான்), ஆன் போன்ற குட்டிச் சொற்கள் ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தருவதை ஃபிரேசல் வெர்ப் என்கிறார்கள். பெயர் புதிது. லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் 1925இல் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லித்தான் வைத்தேன் என்றும் குறிப்பிட்டார். பிரச்சினை மட்டும் மிகப் பழையது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டவர்களுக்குப் பெரிய தலைவலி என்று எழுதிவிட்டார்.

ஆயிரக்கணக்கில் இருக்கும் இவற்றில் 'ரன் அவுட் ஆஃப்' ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். தினமும் வாயில் வருவது என்பது ஒரு காரணம். ஸ்பானிஷ் பேசுபவர் ஆங்கிலம் கற்கும்போது எங்கெங்கே தடுக்கி விழுவாரோ, அந்த இடங்கள் அத்தனையும் இந்த மூன்று சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன என்பது இன்னொரு காரணம். (நமக்கு 'ரன் அவுட்' என்றாலே ஸ்டம்ப் சிதறுவதுதான் கண்ணில் வரும். கிரிக்கெட் வாடை அதிகம் இல்லாத நாடுகளில் பிறந்தவர்களுக்கு அந்தக் குழப்பமாவது மிச்சம்.)

ஓட்டம் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் மனிதர் மட்டும் ஓடுவதில்லை. தண்ணீரும் ஓடும். குழாய் திறந்திருந்தால் 'தி டேப் இஸ் ரன்னிங்'. மணல் கடிகாரத்தில் மேல் குடுவையிலிருந்து மணல் கீழே இறங்குவதும் ரன்தான். மேலே இருந்த மணல் முழுக்க வெளியே ஓடிவிட்டால் நேரம் முடிந்தது. 'டைம் இஸ் ரன்னிங் அவுட்' என்ற தொடரை இந்தப் படத்தோடு சேர்த்து நினைத்துக்கொண்டால் மனதில் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பானிஷ்காரருக்கு இது அந்நியமான யோசனையே இல்லை. 'கொர்ரேர்' என்ற அவர்களுடைய ஓடும் வினையும் தண்ணீருக்குப் பொருந்தும். குழாய்த் தண்ணீரை அவர்கள் 'ஆகுவா கொர்ரியெந்தே', அதாவது ஓடும் நீர் என்கிறார்கள். நாமும் ஆறு ஓடுகிறது என்றுதானே சொல்கிறோம். ஆக, 'ரன்' என்றதும் ஷூ மாட்டிக்கொண்டு ஓடும் ஆளை நினைக்காமல், ஓட்டைக் குடத்திலிருந்து ஒழுகி ஓடும் தண்ணீரை நினை என்று சொல்லிக்கொடுத்தால் பாதிக் கலக்கம் தீரும். பல பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை. 'ரன் அவுட் ஆஃப் = கெதார்சே சின்' என்று இரண்டு பத்தி அட்டவணையில் போட்டுவிட்டு அடுத்த வினைக்குப் போய்விடுகின்றன. அந்தச் சமன்பாடு எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அதற்கு முன் இன்னொரு சங்கதி. 'ஹி ரேன் அவுட் ஆஃப் தி ஹவுஸ்' என்றால் உண்மையிலேயே வீட்டை விட்டு வெளியே ஓடினான் என்றுதான் பொருள். 'ஹி ரேன் அவுட் ஆஃப் மணி' என்றால் காசு தீர்ந்தது. வடிவம் ஒன்றுதான். ஸ்பானிஷ்காரருக்கு இரண்டுமே சிரமம் என்பதுதான் வேடிக்கை. வீட்டை விட்டு ஓடினான் என்பதை அவர்கள் 'சாலியோ கொர்ரியெந்தோ தே லா காசா' என்பார்கள். 'சாலியோ' என்றால் வெளியேறினான்; 'கொர்ரியெந்தோ' என்றால் ஓடியபடி. முக்கிய வினை வெளியேறுவது. ஓடுவது அதற்குப் பக்கத்துணை. ஆங்கிலத்தில் தலைகீழ்: ஓடுவது முக்கிய வினை, வெளியேறுவது 'அவுட்' என்ற ஒட்டுக்குள் சுருங்கிவிடுகிறது.

லெனர்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் உலக மொழிகளை இந்த அடிப்படையில் இரண்டாகப் பிரித்தார். போகும் திசையை வினைச்சொல்லுக்குள்ளேயே வைக்கும் மொழிகள் ஒரு பக்கம்; வினைக்கு வெளியே ஓர் ஒட்டில் வைக்கும் மொழிகள் இன்னொரு பக்கம். ஆங்கிலமும் ஜெர்மனும் இரண்டாவது வகை. ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜப்பானிய மொழி எல்லாம் முதல் வகை. தமிழையும் அவர் ஸ்பானிஷோடுதான் சேர்த்திருக்கிறார். 'ஓடி வெளியேறினான்' என்று நாம் சொல்வதை யோசித்துப் பாருங்கள்: ஓடுவது எச்சம், வெளியேறுவது முற்று. 'சாலியோ கொர்ரியெந்தோ'வின் அதே கணக்கு.

முதல் வகை மொழி பேசிப் பழகியவருக்கு அவுட், அப் எல்லாம் வாக்கியத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் தூசு மாதிரித்தான் தெரியும். வினையைக் கவனிப்பார், ஒட்டை விட்டுவிடுவார். ஆங்கிலத்தில் சங்கதியே ஒட்டில்தான் இருக்கிறது.

எழுவாய் யார்?

இனி விஷயத்தின் நடுவுக்கு வருவோம். என்னைக் கேட்டால் 'ரன் அவுட் ஆஃப்'பின் உண்மையான சிக்கல் ரன்னிலும் இல்லை, அவுட்டிலும் இல்லை. வாக்கியத்தின் எழுவாய் யார் என்பதில் இருக்கிறது.

'சே நோஸ் அகாபோ எல் கஃபே'யைக் கொஞ்சம் பிரிப்போம். எழுவாய் 'எல் கஃபே', காப்பி. வினை 'அகாபோ', முடிந்தது. 'சே' வந்தால் அது தானாக நடந்தது என்று பொருள். 'நோஸ்' என்றால் நமக்கு. தீர்ந்தது காப்பி, நாம் அந்த இழப்பு வந்து விழும் இடம் மட்டுமே. முட்டை தீர்ந்தால் வினை பன்மைக்கு மாறும்: 'சே நோஸ் அகாபாரோன் லோஸ் உவேவோஸ்'. வினை முட்டைகளுக்குத்தான் கட்டுப்படுகிறது, நமக்கு இல்லை.

ஸ்பானிஷில் இந்த அமைப்பு எங்கும் பரவிக் கிடக்கிறது. மறந்துவிட்டால் 'சே மே ஓல்விதோ', எனக்கு மறந்துபோச்சு. கை தவறி டம்ளர் விழுந்தால் 'சே மே காயோ எல் வாசோ'. சாவி தொலைந்தால் 'சே மே பெர்தியெரோன் லாஸ் யாவேஸ்'. தமிழ்க்காரர் யாரும் இதைக் கேட்டுத் திகைக்க மாட்டார். நமக்கும் மறதி 'எனக்கு' வருவதுதான். பசியும், காய்ச்சலும், கோபமும் அப்படித்தான். சாவி தொலைஞ்சுபோச்சு, டம்ளர் விழுந்துடுச்சு என்று நழுவிவிடும் கலையில் நாமும் தேர்ந்தவர்களே.

ஆங்கிலம் இந்த இடங்களில் எல்லாம் ஆளைப் பிடித்து எழுவாயாக உட்கார வைக்கும். 'ஐ ஃபர்காட்', 'ஐ டிராப்ட் தி கிளாஸ்', 'ஐ லாஸ்ட் மை கீஸ்'. அதே வழியில்தான் 'ஐ ரேன் அவுட் ஆஃப் மில்க்'. பால் எழுவாய் இடத்திலிருந்து இறங்கி, 'ஆஃப்'புக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'எனக்கு' என்று ஓரமாக நின்ற ஆள் 'நான்' என்று முன்னுக்கு வருகிறார். இந்த இடமாற்றம் பிடிபட்டுவிட்டால் மிச்சமெல்லாம் பழக்கம்தான். பிடிபடாதவரை, தொடரை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் வாயில் 'தி மில்க் ஃபினிஷ்ட் மி' என்றுதான் வரும்.

மாணவர்கள் இங்கே கேட்கும் கேள்வி நியாயமானது: பாலை நான் ஒன்றும் செய்யவில்லையே, பிறகு எதற்கு 'நான்'? எழுவாயாக இருப்பவர் வேலையைச் செய்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் விதி கிடையாது என்பதே பதில். 'ஐ ரேன் அவுட் ஆஃப் மில்க்' என்பவர் எதையும் செய்யவில்லை. அவர் ஒரு நிலைமைக்குள் வந்து மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். செய்தவரைச் சொல்ல வேறு வாக்கியம் இருக்கிறது: 'ஐ ஃபினிஷ்ட் தி மில்க்'. இருந்த பாலை நான்தான் குடித்து முடித்தேன் என்ற ஒப்புதல் வாக்குமூலம் அது. பலர் முன்னதற்குப் பதில் பின்னதைச் சொல்லிவிட்டு, வீட்டில் எல்லோரும் ஏன் முறைக்கிறார்கள் என்று விழிப்பார்கள்.

இந்த வேறுபாட்டை வைத்து ஓர் ஆய்வும் நடந்திருக்கிறது. கெய்ட்லின் ஃபாசி, லெரா போரோடிட்ஸ்கி இருவரும் 2011இல் வெளியிட்டது. பலூன் உடைவது போன்ற சின்னச் சின்ன நிகழ்ச்சிகளை வீடியோவில் காட்டி, ஆங்கிலம் பேசுபவர்களையும் ஸ்பானிஷ் பேசுபவர்களையும் விவரிக்கச் சொன்னார்கள். வேண்டுமென்றே செய்தவற்றில் இரு தரப்பும் ஆளைச் சொன்னது. தவறி நடந்தவற்றில் ஆங்கிலக்காரர்கள்தான் அதிகமாக ஆளைச் சொன்னார்கள். யார் செய்தது என்பதைப் பின்னால் நினைவு வைத்திருந்ததிலும் அவர்கள் கை ஓங்கியிருந்தது. இதை வைத்து ஸ்பானிஷ்காரர்கள் பொறுப்பைத் தட்டிக் கழிப்பவர்கள் என்று சிலர் பேசிவிடுகிறார்கள். அது வெறும் அரட்டை. 'சே மே காயோ' சொன்னவரும் உடைந்த டம்ளருக்குக் காசு கொடுக்கத்தான் செய்வார்.

குறுக்கு வழியும் அதன் குழியும்

'அகாபார்சே'யை விட ஆங்கிலத்துக்கு நெருக்கமான இன்னொரு தொடர் ஸ்பானிஷில் உண்டு: 'கெதார்சே சின்'. சொல்லுக்குச் சொல் 'இல்லாமல் நின்றுபோவது'. இதில் ஆளே எழுவாய். 'மே கெதே சின் கசோலினா', பெட்ரோல் இல்லாமல் நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் 'ஐ ரேன் அவுட் ஆஃப் கேஸ்'. எழுவாய் எழுவாயாகவே இருக்கிறது, 'சின்' இருந்த இடத்தில் 'அவுட் ஆஃப்'. ஆசிரியர்கள் இந்தக் குறுக்கு வழியைக் காட்டுவது சரிதான். முதலில் 'சே மே அகாபோ'வை 'மே கெதே சின்' ஆக்கு, பிறகு ஆங்கிலத்துக்குப் போ என்றால் பாதி வேலை தாய்மொழியிலேயே முடிந்துவிடும்.

(அமெரிக்காவில் கேஸ் என்றால் பெட்ரோல். நம் ஊரில் 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்றால் சிலிண்டர். மெக்சிகோவிலும் பெரும்பாலான வீடுகளில் சமையலுக்கு எரிவாயுத் தொட்டியும் சிலிண்டரும்தான் என்பதால், 'சே அகாபோ எல் காஸ்' என்றதும் அடுப்புதான் நினைவுக்கு வரும். அமெரிக்க நெடுஞ்சாலையில் 'ஐ ரேன் அவுட் ஆஃப் கேஸ்' என்பதை முதன்முதலாகக் கேட்கும் மெக்சிகோக்காரர் ஒரு கணம் சமையலறைக்குப் போய்த் திரும்பத்தான் செய்வார்.)

குழி எங்கே என்றால், 'கெதார்சே சின்' எல்லா இழப்புக்கும் பொருந்தும், 'ரன் அவுட் ஆஃப்' பொருந்தாது. வேலை போனவர் 'மே கெதே சின் திரபாஹோ' என்பார். அதை 'ஐ ரேன் அவுட் ஆஃப் வொர்க்' என்று மாற்றினால், கொடுத்த வேலையெல்லாம் முடித்துவிட்டேன், இன்னும் இருந்தால் கொடுங்கள் என்று அர்த்தமாகிவிடும். வேலை இழந்தவர் முதலாளி வாயிலிருந்து அடுத்த வேலையை எதிர்பார்த்து நிற்பது போல! அங்கே வேண்டியது 'ஐ லாஸ்ட் மை ஜாப்'.

மின்சாரம் போனால் 'நோஸ் கெதாமோஸ் சின் லூஸ்'. 'வி ரேன் அவுட் ஆஃப் லைட்' கூடாது; 'தி பவர் வென்ட் அவுட்'. நமக்குக் கரண்ட் போச்சு. தொண்டை கட்டிப் பேச முடியாமல் போனால் ஸ்பானிஷில் 'மே கெதே சின் வோஸ்', ஆங்கிலத்தில் 'ஐ லாஸ்ட் மை வாய்ஸ்'. பேச்சற்று நின்றால் 'மே கெதே சின் பலாப்ராஸ்', ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் ஸ்பீச்லெஸ்'. சின்ன வயதில் அப்பாவை இழந்தவரைப் பற்றி 'சே கெதோ சின் பாத்ரே' என்று சொல்லலாம். இதை 'ரன் அவுட் ஆஃப்' ஆக்கினால், கையிருப்பில் இருந்த அப்பாக்கள் தீர்ந்துவிட்டார்கள் என்று ஆகிவிடும். சாப்பிட வராத பையனுக்கு இனிப்பு கிடைக்காமல் போனதும் 'கெதார்சே சின்'தான். ஆங்கிலத்தில் அதற்கும் ரன் அவுட் கிடையாது.

எதற்கு வரும், எதற்கு வராது என்று சோதிக்க ஒரு கேள்வி போதும்: அந்தப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்து தீரக்கூடியதா? பால், பணம், பெட்ரோல், நேரம், பொறுமை, யோசனை, அதிர்ஷ்டம், அலமாரியில் இடம், எல்லாம் குறைந்து தீரும். இவற்றுக்கு ரன் அவுட் வரும். வேலை, அப்பா, குரல், மின்சாரம் ஆகியவை ஒரேயடியாகப் போகும். இவற்றுக்கு வராது. ஒழுகும் குடத்தின் படத்தை முதலிலேயே மனதில் போட்டவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே தேவை இருக்காது.

சின்னச் சின்ன இடறல்கள்

'ஆஃப்'பை விழுங்குவது. 'சே மே அகாபோ லா லெச்சே'யில் (எனக்குப் பால் தீர்ந்துபோச்சு) 'ஆஃப்' மாதிரி ஒரு முன்னிடைச்சொல்லே இல்லை; அதனால் 'ஐ ரேன் அவுட் மில்க்' என்று வந்துவிடுகிறது. எது தீர்ந்தது என்று பின்னால் சொல்வதாக இருந்தால் 'ஆஃப்' கட்டாயம். சொல்லாவிட்டால் வேண்டாம்: பால் இருக்கா என்று கேட்டவரிடம் 'நோ, வி ஹேவ் ரன் அவுட்' என்றாலே போதும்.

அடுத்தது 'தி'. ஸ்பானிஷில் அந்த வாக்கியத்துக்கு 'லா லெச்சே' என்று 'லா' போட்டே ஆக வேண்டும். அந்தப் பழக்கத்தில் 'வி ரேன் அவுட் ஆஃப் தி மில்க்' என்பார்கள். பொதுவாகப் பால் என்றால் ஆங்கிலத்தில் அங்கே 'தி' வராது. குறிப்பிட்ட ஒன்றைச் சொன்னால் வரும், மாமா ஊரிலிருந்து கொண்டுவந்த அந்தத் தேன் என்பது போல.

கேள்வி கேட்கும்போது இன்னும் சுவாரசியம். 'வாட் டிட் வி ரன் அவுட் ஆஃப்?' என்று வாக்கியத்தின் கடைசியில் 'ஆஃப்' அநாதையாக நிற்கும். ஸ்பானிஷில் முன்னிடைச்சொல் ஒருபோதும் இப்படிக் கடைசியில் தனியாக நிற்காது. அதனால் மாணவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அல்லது 'ஆஃப் வாட்' என்று முன்னால் இழுத்து வருகிறார்கள். தூக்கிப் போடுவது பிழை. முன்னால் இழுப்பது பிழை இல்லை என்றாலும் காலைக் காப்பி நேரத்தில் நீதிமன்ற வாடை அடிக்கும்.

வேறு பல ஃபிரேசல் வெர்ப்களில் செய்வது போல நடுவில் பொருளைச் செருகவும் முடியாது. 'டர்ன் தி லைட் ஆஃப்' (இந்த 'ஆஃப்' வேறு, off) சரி; 'ரன் மில்க் அவுட் ஆஃப்' என்று ஒன்று கிடையாது. அதையும் இதையும் பிரிக்காமல் மூன்று சொல்லையும் ஒரே சொல்லாக நினைத்துக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னதற்கு எதிராக, பொருளே எழுவாயாக வரும் வடிவமும் ஆங்கிலத்தில் உண்டு. 'தி மில்க் ரேன் அவுட்', 'டைம் இஸ் ரன்னிங் அவுட்', 'மை பேட்டரி ரேன் அவுட்'. ஸ்பானிஷ்காரருக்கு இது தாய்வீடு மாதிரி, 'சே அகாபோ'வின் நேர் வடிவம். தவறும் இல்லை. ஆனால் இதில் 'நமக்கு' என்பதைச் சேர்க்க இடம் இல்லை. 'தி மில்க் ரேன் அவுட் அஸ்' என்று எந்த ஆங்கிலத்திலும் கிடையாது. யாருக்குத் தீர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் அவரை எழுவாயாக்கத்தான் வேண்டும். காலாவதி ஆவதற்கும் இதே வடிவம் வரும்: ஜூனில் பாஸ்போர்ட் முடிகிறது என்றால் 'மை பாஸ்போர்ட் ரன்ஸ் அவுட் இன் ஜூன்'. ஸ்பெயினில் இதற்கு 'கதுகார்' என்ற வினை, லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் 'வென்சேர்'.

தீர்கிறது, தீர்ந்தது, இல்லை

காலமும் கவனிக்க வேண்டியது. 'வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் ரைஸ்' என்றால் அரிசி தீரப்போகிறது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்' என்றால் சுத்தமாகக் காலி. கையிருப்பு குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்ல 'ரன்னிங் லோ ஆன்' என்றும் ஒன்று உண்டு. 'வி ஆர் அவுட் ஆஃப் ரைஸ்' என்று ரன்னையே விட்டுவிட்டுச் சொன்னால், எப்போது தீர்ந்தது என்ற பேச்சே இல்லை. இப்போது இல்லை, அவ்வளவுதான். கடைக்காரர்கள் அதிகம் சொல்வது இதைத்தான்.

இதில் ஸ்பானிஷ் உலகத்துக்குள்ளேயே ஒரு பிளவு. இப்போதுதான் தீர்ந்தது என்பதை ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'சே மே ஆ அகாபாதோ' என்பார்கள். மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் 'சே மே அகாபோ' என்று எளிய இறந்தகாலத்தில் முடித்துக்கொள்வார்கள். ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட இதே கோடு: பிரிட்டனில் 'ஐ ஹேவ் ரன் அவுட்', அமெரிக்காவில் 'ஐ ரேன் அவுட்' என்பதும் தாராளமாகக் காதில் விழும். ஆக, மாட்ரிட்காரர் லண்டனுக்கும் மெக்சிகோக்காரர் டெக்சாஸுக்கும் போனால் அவரவர் பழக்கமே கைகொடுக்கும். மாறிப் போனால் சற்றுத் தடுமாறலாம், ஆனால் யாருக்கும் புரியாமல் போகாது.

வாய்க்குள் நடப்பது

ரன், ரேன், ரன். நிகழ்காலம், இறந்தகாலம், 'ஹேவ்'வுக்குப் பின் வரும் வடிவம். ஸ்பானிஷில் உயிரொலிகள் ஐந்தே ஐந்து. ஆங்கில 'ரன்'னின் உயிரும் 'ரேன்'னின் உயிரும் அவர்கள் காதில் ஒரே 'அ'வாக விழுந்துவிடும். அதனால் பேசும்போது காலம் தெரியாமல் போகும். 'யெஸ்டர்டே' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் கேட்பவருக்குக் குழப்பம் இராது. உச்சரிப்பை நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம். 'ஹேவ் ரேன்' என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் சொல்வதுண்டு என்பதால் அதற்காக யாரும் தலை குனிய வேண்டியதில்லை.

சொல்லின் முதலில் வரும் 'ர' ஸ்பானிஷில் நாக்கு அதிரும் 'ர்ர'. 'ரன்'னை அப்படியே உருட்டினால் ஸ்கூட்டர் கிளப்பும் சத்தம் வரும். ஆங்கிலத்தில் நாக்கு மேலண்ணத்தைத் தொடவே கூடாது. பதிலுக்கு இன்னோர் இடத்தில் ஸ்பானிஷ்காரருக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது. அமெரிக்கர்கள் 'அவுட் ஆஃப்' என்பதை வேகமாகச் சொல்லும்போது நடுவில் உள்ள 'ட்' தேய்ந்து, நாக்கு ஒரே ஒரு தட்டுத் தட்டி விலகும். அது 'ஆனால்' என்று பொருள்படும் ஸ்பானிஷ் 'பெரோ'வில் வரும் அதே 'ர'. 'அவுரவ்' என்று தன் சொந்த 'ர'வைப் போட்டுச் சொன்னால் அசல் அமெரிக்க உச்சரிப்பு வந்துவிடும். ஆசிரியர் இதைச் சொல்லிக்காட்டும்போது வகுப்பில் சிரிப்பு எழும். ஆனால் அன்றோடு பாடம் மனதில் பதிந்துவிடும்.

ஏன் இதையெல்லாம் தவிர்த்துவிடக் கூடாது?

தவிர்க்கத்தான் செய்கிறார்கள். ஹீப்ரு பேசும் மாணவர்களைப் பற்றி டகுட், லாஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் இதைப் பதிவு செய்தார்கள்: ஃபிரேசல் வெர்ப் தெரிந்திருந்தாலும் ஒற்றைச் சொல்லையே எடுத்துக்கொள்கிறார்கள். ஹீப்ருவும் டால்மியின் கணக்கில் ஸ்பானிஷ் பக்கத்து மொழிதான்.

ஸ்பானிஷ்காரருக்குத் தவிர்ப்பது இன்னும் சுலபம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு, லத்தீன் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வெள்ளமாக வந்தன. 'புட் ஆஃப்' தெரியாதவருக்கு 'போஸ்ட்போன்' இருக்கிறது, ஸ்பானிஷில் அது 'போஸ்போனேர்'. 'புட் அப் வித்' வேண்டாமென்றால் 'டாலரேட்', அவர்களுக்கு 'தோலெரார்'. எல்லாம் வீட்டுச் சொற்கள். ஆங்கிலேயர் வீட்டில் கேட்கும் சொற்கள் ஃபிரேசல் வெர்ப்கள். அலுவலகக் கடிதத்தில் வருபவை இந்த லத்தீன் சொற்கள். வாயைத் திறந்தாலே கடிதத் தமிழில் பேசும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். 'வி ஹேவ் எக்ஸ்ஹாஸ்டட் அவர் காஃபி' என்றால் இலக்கணப்படி குற்றமில்லை. கிடங்கு ஆய்வறிக்கை வாசித்தது போல இருக்கும்.

'எக்ஸ்ஹாஸ்ட்'டில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. ஸ்பானிஷில் 'அகோதாதோ' என்றால் தீர்ந்துபோனது என்றும் பொருள், களைத்துப்போனவர் என்றும் பொருள். டிக்கெட் கவுன்ட்டரில் 'அகோதாதாஸ்' என்று பலகை வைத்திருப்பார்கள். அதை நேரே மாற்றி 'தி டிக்கெட்ஸ் ஆர் எக்ஸ்ஹாஸ்டட்' என்றால், பாவம், டிக்கெட்டுகளுக்கு உடம்பு அசதி. விற்றுத் தீர்ந்ததற்கு ஆங்கிலத்தில் 'சோல்ட் அவுட்' என்று தனியாக இருக்கிறது.

பழகுவதற்கு என் யோசனை, பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டுச் சமையலறை அலமாரி முன் நிற்பது. ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்த்து, காலியாக இருந்தால் 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப்', குறைவாக இருந்தால் 'வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'நோஸ்' என்று தொடங்க நாக்கு துடிக்கும். அதை அடக்கி 'வி' என்று தொடங்குவதுதான் பயிற்சி. டப்பாக்களில் சரளம் வந்தபின் நேரம், பொறுமை, பணம் என்று கண்ணுக்குத் தெரியாதவற்றுக்குப் போகலாம். 'ரன் அவுட் ஆன்' என்ற பங்காளியை அப்போது அறிமுகப்படுத்தினால் போதும். 'ஷி ரேன் அவுட் ஆன் ஹிம்' என்றால் அவனை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். 'ஆஃப்' இருந்த இடத்தில் 'ஆன்' வந்தால் கதையே வேறு.

ஸ்பானிஷ் பேசும் சமையல்காரர்கள் நிறைந்த அமெரிக்க உணவக அடுக்களைகளில் மட்டும் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. சால்மன் மீன் தீர்ந்துவிட்டால் அங்கே 'எய்ட்டி சிக்ஸ் சால்மன்' என்று ஒரே கத்தல். 86 என்ற எண் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எழுவாய் இல்லை, காலம் இல்லை, 'ஆஃப்'பும் இல்லை. ஆனால் அந்தக் கத்தலைக் கேட்டுவிட்டு மேசைக்குப் போகும் பணியாளர், வாடிக்கையாளரிடம் 'ஐ ஆம் சாரி, வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் சால்மன்' என்றுதான் சொல்லியாக வேண்டும்.